இடது முழங்கை

என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அப்போது நாங்கள் பிரெஞ்சு பேசும் ஊரான லாசாலில் ஓர் அப்பார்ட்மென்டில் இருந்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து வாரத்துக்கு ஒருமுறை ஓர் ஆசிரியை வீட்டுக்கு வருவார். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்திருந்தேன். முதல்நாளே பாடம் எனக்குத்தான் நடந்தது.

வெளியே போனால் நான் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பேன். எங்கட ஆட்கள் பிள்ளைகளை அப்படித்தானே கூட்டிப்போவோம்! ஆசிரியை என் பிடியை விடுவித்துவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மகள் சிரித்தாள்.

"அப்பா, நீங்கள் என்னைப் பிடிக்கக் கூடாதாம். நான்தான் உங்களைப் பிடிக்கவேணுமாம்."

என் இடது முழங்கைக்குச் சற்று மேலே அவள் கையை வைத்து, அரை அடி பின்னால் நிற்கச் சொன்னார். நான் திரும்பினால் என் உடம்பே அவளுக்குச் சொல்லிவிடுமாம். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். பெற்ற அப்பனுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகத் தெரியாதா? ஆனால் சீக்கிரமே பழகிவிட்டது. தடித்த குளிர் ஜாக்கெட்டுக்கு மேலாலும் அந்த விரல்கள் எனக்குத் தெரியும். பயந்தால் இறுக்குவாள், சிரிப்பு வந்தால் தட்டுவாள். சொல்லத் தேவையில்லை என்றாலும் நான், "படி வருது, பிள்ளை," என்று சொல்லாமல் விட்டதில்லை.

வளர்ந்ததும் வெள்ளைப் பிரம்போடு தனியே மெட்ரோவில் போகப் பழக்கினார்கள். முதல்முறை தனியே புறப்பட்ட அன்று வாசலில் நின்று சொன்னாள்.

"பின்னால வரக்கூடாது, அப்பா."

"ஓம், ஓம், வரமாட்டன்."

போனேன். காலில் சத்தம் கேட்காத மெல்லிய ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, இருமலை விழுங்கிக்கொண்டு, அதே பெட்டியில் அடுத்த கதவால் ஏறினேன். டவுன்டவுனில் இறங்கிய மகள் படிக்கட்டின் முன்னால் நின்றாள். திரும்பவே இல்லை.

"அப்பா, உங்கட ஜாக்கெட் வெங்காயம் மணக்குது."

நான் ரெஸ்டோரண்ட் சமையலறையில் வேலை செய்பவன். சப்பாத்தை மாற்றிய மண்டைக்கு ஜாக்கெட்டை மாற்றத் தோன்றவில்லை, பாருங்கள்!

"சரி, வந்திட்டியள். இண்டைக்கு மட்டும்," என்று என் முழங்கையைப் பிடித்தாள். மேலே வந்ததும் விட்டாள். "நாளைக்கு வந்தா நான் கதைக்கமாட்டன்."

அடுத்தநாள் நான் போகவில்லை. ஜன்னலடியில் நின்றேன். அவள் போனாள், வந்தாள்.

இப்போது வேறொரு நகரத்தில், பார்வையில்லாத பிள்ளைகளுக்கு அவளே ஆசிரியை. "பிள்ளையளை விட அப்பாமாரைப் பழக்கிறதுதான் கஷ்டம்," என்று போனில் சிரிக்கிறாள். எனக்குப் பெருமைதான். ஆனாலும் அந்தப் பிடிக்கு மனம் கிடந்து ஏங்குகிறது.

போன கிழமை மனைவியோடு கடைக்கு நடந்துகொண்டிருந்தேன்.

"ஏனப்பா, கைய இப்பிடி விலத்தி வச்சுக்கொண்டு நடக்கிறியள்? ஆரும் பிடிக்க வருகினமோ?" என்று பகிடி விட்டாள்.

குனிந்து பார்த்தேன். இடது முழங்கை மடங்கி, உடம்பை விட்டு விலகி நின்றது. வெட்கமாகப் போய்விட்டது. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தேன். கடை வாசலில் கால் தானாக நின்றது.

"படி வருது, பிள்ளை," என்றேன்.

மனைவி அதற்குப் பகிடி விடவில்லை.