லீமாவின் மேல்வரிசை

இனயம் கடற்கரையூர் லீமாவுக்குப் பத்தொன்பது வயதுவரை பல்வலி என்றால் என்னவென்று தெரியாது. மேலே முன்பற்கள் நான்கும் உதட்டை மீறி வெளியே நிற்கும், அவ்வளவுதான். வலை பின்னும்போது நூலை அறுக்கக் கத்தி தேடமாட்டாள். ஒரே கடி.

1953 தொடக்கத்தில் குளச்சலிலிருந்து பெண் பார்க்க வந்த சத்தியராஜின் அம்மா, காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "இவ வந்தா தேங்கா துருவத் தனியா ஒண்ணு வாங்க வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். லீமாவின் அண்ணன் ஏசுஅடிமையும் சிரித்தான். அந்த நாலையும் பிடுங்கி நேராகப் பல் கட்டினால் கல்யாணம் என்றாள் சத்தியராஜின் அம்மா. தவக்காலத்துக்கு ஆறு வாரம் இருந்தது. தவக்காலம் பிறந்துவிட்டால் கோயிலில் தாலி கட்ட விடமாட்டார்கள்.

நாகர்கோவிலில் பல் கட்டிக்கொண்டிருந்த ஜெபதாஸ் படித்த டாக்டர் இல்லை. ஒரு பல் டாக்டரிடம் எட்டு வருஷம் கருவி கழுவியவன். டாக்டர் செத்த பிறகு அவனுக்குக் கிடைத்தவை அவருடைய அச்சுத்தட்டுகள். லாட வடிவம், முன்னால் ஒரு கைப்பிடி. வெந்நீரில் இளக்கிய மெழுகை அதில் நிரப்பி வாய்க்குள் அழுத்தினால் ஈறு பதிந்துவிடும். அந்தப் பதிவை வைத்துப் பல்செட் செய்வான். அவனிடம் இருந்தவை பல்லே இல்லாத கிழவர்களுக்கானவை. ஆழமில்லாதவை.

ஏசுஅடிமை கூட்டிவந்த லீமாவுக்கு மரப்பு ஊசி போட்டு நாலையும் பிடுங்கினான். ரத்தம் நின்றதும் வெறும் தட்டை வாய்க்குள் வைத்துப் பார்த்தான். கடைவாய்ப் பற்களில் இடித்தது. சாய்த்து வைத்தான். இடித்தது.

"பல்லிருக்க வாய்க்கு ஆழமான தட்டு வேணும்," என்றான் ஏசுஅடிமையிடம். "மெட்ராஸ்லேருந்து வர ரெண்டு மாசம் ஆவும்."

"ரெண்டு மாசமா? ஓய், தவக்காலம் வந்திரும்."

"அப்ப மிச்சத்தையும் எடுத்திரலாம். முழுச்செட்டு. முத்து மாதிரி இருக்கும்."

"மிச்சம் எத்தன?"

"பத்து."

லீமா வாயில் பஞ்சோடு எழுந்தாள். "அண்ணே, அது நல்ல பல்லு. ஒண்ணுகூட ஆடல்ல."

"ஒனக்க தட்டு வாறது வரைக்கும் மாப்பிள காத்துக் கெடப்பானா? இரிட்டி."

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஏசுஅடிமை தாடையைப் பிடித்தான். சுறாவின் வாயிலிருந்து தூண்டிலைக் கழற்றிப் பழகிய கை. எங்கே அழுத்தினால் திறக்கும் என்று அதற்குத் தெரியும்.

ஊசிமருந்து முதல் நாலு பல்லுக்குத்தான் இருந்தது. ஏழாவதில் அவளுக்கு மூத்திரம் போய்விட்டது. ஜெபதாஸ் நாற்காலிக்கடியில் ஒரு சாக்கைக் காலால் தள்ளிவிட்டு எட்டாவதைத் தொடங்கினான்.

பத்தாம் நாள் அச்சு எடுத்தான். ஈறு ஆறி வற்ற மூன்று மாதம் விடவேண்டும் என்று டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறான். அதைச் சொல்லவும் சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை. சுடுமெழுகு ஆறாத குழிகளுக்குள் இறங்கியது.

மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். கல்யாணத்தில் பெண்ணின் பல்வரிசையை மாமியாரே புகழ்ந்தாள்.

ஐந்து மாதத்தில் ஈறு வற்றிச் செட் தொளதொளத்தது. சந்தையில் விலை கூவும்போது ஒருநாள் மீன்கூடைக்குள் விழுந்தது. "ஏட்டி, சாளையோட பல்லும் சேத்துத் தாறியா?" என்றாள் பக்கத்துக் கூடைக்காரி. மாலைக்குள் குளச்சல் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. சத்தியராஜ் அவளை அடிக்கவில்லை. மறுநாள் நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனான்.

ஜெபதாஸ் செட்டை மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"புதுசா அச்சு எடுத்தாப் போரும்லா?" என்றாள் லீமா.

அவன் சத்தியராஜைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். "மேல பொய்ப்பல்லு, கீழ சொந்தப்பல்லு. கடிக்கும்போது கீழ உள்ளது தள்ளிவிடுகு."

"கீழ உள்ளதையும் எடுத்தா நிக்குமா?" என்று கேட்டான் சத்தியராஜ்.

"நிக்கும்."

சத்தியராஜ் வேட்டியை மடித்துக் கட்டினான். அவளுக்குப் பின்னால் வந்து நின்று இரண்டு தோளிலும் கை வைத்தான்.

"வாயத் தொற," என்றான்.