இருட்டோடு வந்த குரல்

வெளிநாட்டில் இருக்கும் மகள் கைபேசியில் முகம் காட்டியதும் என் அண்ணி கேட்கும் முதல் கேள்வி, "அங்க வெடிஞ்சிடுச்சா, இல்ல பொழுது போயிடுச்சா?" என்பதுதான். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பேத்திகள் சிரிப்பார்கள். எண்பதைத் தாண்டியவருக்கு ஏதோ ஒரு பழக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது பழக்கமாகத் தோன்றுவதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் ஒரு மழைக்காலம் முழுக்க அண்ணியும் நானும், பகல் எப்போது முடியும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் திரிந்திருக்கிறோம்.

அப்போது நாங்கள் சிதம்பரத்தில் குடியிருந்தோம். பூர்வீகம் புவனகிரி பக்கம்; நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அண்ணன் சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தார். அவர் கப்பலேறியபோது அண்ணி முழுகாமல் இருந்தார். பிறந்த பெண் குழந்தை நடந்து, ஓடி, வாய் ஓயாமல் பேசும் வயதுக்கு வந்துவிட்டது. அதற்கு அப்பா என்றால் சுவரில் மாட்டியிருந்த போட்டோ. நான் கடலூரில் ஒரு பள்ளியில் சயின்ஸ் டீச்சர். காலையில் ரயிலில் போய் மாலையில் திரும்புவேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

ஐப்பசியில், எனக்குத் தீபாவளி லீவு விட்டிருந்தபோது, பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் வந்தார். அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர், நாகப்பட்டினத்தில் கப்பலைவிட்டு இறங்கி, தன் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாளே எங்களைத் தேடி வந்திருந்தார். அண்ணன் கொடுத்தனுப்பிய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தோல் உறையோடு எடுத்துத் தரையில் வைத்தார். அதைவிடப் பெரிய சேதி ஒன்றை அவர் வாய்மொழியாகக் கொண்டுவந்திருந்தார்.

"தங்கச்சி, கார்த்திக கடேசி ஞாயித்துக்கெழம ஒங்க வூட்டுக்காரர் அந்த ஊர் ரேடியோவுல பேசப்போறார். ஊருல இருக்கறவுங்களுக்குச் சேதி சொல்ற நிகழ்ச்சி. பேர் குடுத்தாரு, எடம் கெடச்சிடுச்சி. அங்க ஏழரைன்னா இங்க அஞ்சரை. முள்ளு இந்த எடத்துல நிக்கணும்" என்று ரேடியோவின் கண்ணாடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

அவர் போனதும் அண்ணி கதவைச் சாத்திவிட்டு முள்ளை அந்தக் கோட்டுக்குக் கொண்டுபோனார். உச்சி வெயில் நேரம். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் வந்தது. மறுநாளும் மதியத்தில் அதேதான். கப்பலில் வரும்போது கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டோம். மூன்றாம் நாள் விளக்கு வைத்த பிறகு குழந்தை விளையாட்டாகத் திருகியது. பக்கத்து அறையில் ஒருவர் உட்கார்ந்து பேசுவதுபோல அத்தனை தெளிவாகத் தமிழில் செய்தி வந்தது. அண்ணி கரண்டியும் கையுமாக அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தார். அடுத்த நாள் மதியம் மறுபடியும் இரைச்சல்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கல்லூரியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பாடம். வீட்டுக்குள்ளேயே நடக்கும் என்று நினைத்ததில்லை. மேகத்துக்கெல்லாம் மேலே மின்சாரம் ஏறிய அடுக்குகள் இருக்கின்றன, சிற்றலை அங்கே போய்ப் பட்டுத் திரும்பித்தான் தொலைதூரத்துக்கு வருகிறது என்று அண்ணிக்குச் சொன்னேன். பகலில் வெயில் பட்டு அடியில் ஒரு அடுக்கு உண்டாகி, இந்த அலையை வழியிலேயே குடித்துவிடும். சூரியன் போனதும் அது கலைந்துவிடும். மேல் அடுக்கு மட்டும் நின்று அலையைத் திருப்பி அனுப்பும். எல்லா அலைக்கும் ஒரே கணக்கு இல்லை, பகலில் நன்றாக வருபவையும் உண்டு. ஆனால் நம் கோடு இருட்டுக்குச் சொந்தமானது.

அண்ணி கவனமாகக் கேட்டார். "அப்ப அஞ்சரைக்கு இருட்டிடுமா?" என்றார்.

அதுதான் சிக்கல். அன்றிலிருந்து தினமும் மாலையில் சோதனை. ஐந்தரைக்கு இரைச்சல். மேற்கே வெளிச்சம் மங்க மங்க இரைச்சலுக்குள் யாரோ முனகுவது கேட்கும். ஆறைத் தாண்டினால்தான் பேச்சாகும். நிகழ்ச்சியோ அரை மணி நேரம். போதாததற்கு எங்கள் தெரு மாவு மில் அந்த நேரத்தில்தான் ஓடும். அதன் மோட்டார் ரேடியோவுக்குள் புகுந்து கத்தும். "மோட்டாரே இல்லாத எடமாப் பாரு டீச்சர்" என்றார் அண்ணி. எனக்குக் கடலூர்க் கடற்கரை ஞாபகம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதிய ரயிலிலேயே கிளம்பிவிட்டோம். கடற்கரை மீனவர் குப்பமான தேவனாம்பட்டினத்தில் என் மாணவி ஒருத்தியின் அம்மா, நாங்கள் கொண்டுபோயிருந்த நீளமான செம்புக் கம்பியைப் பார்த்து, "வல காயப்போடற கம்பம் சும்மாத்தான கெடக்கு, அதுல கட்டிக்குங்க டீச்சரம்மா" என்று தானே ஒரு பையனை ஏறச் சொல்லி உச்சியில் கட்டச் செய்தார். அடிநுனியை ரேடியோவின் ஏரியலில் சுற்றினேன். வானம் முழுக்க மூட்டமாக இருந்தது. மேகம் தடுத்துவிடுமோ என்று அண்ணிக்குப் பயம். மேகம் ஒன்றும் செய்யாது, மின்னாமல் இருந்தால் போதும் என்றேன்.

ஐந்தரைக்கு இரைச்சல்தான். மில் சத்தம் இல்லாததால் அதன் அடியில் ஒரு குரல் நெளிவது மட்டும் தெரிந்தது. யார் என்று பிடிபடவில்லை. "அவுரு மொதல்லயே பேசி முடிச்சிட்டா?" என்றார் அண்ணி. கடற்கரையில் இருட்டு மேற்கிலிருந்து வருவதில்லை. முதுகுக்குப் பின்னால் ஊரின்மேல் இன்னும் வெளிச்சம் இருக்க, எதிரே கடலின் விளிம்பிலிருந்து கருநீலம் மேலே ஏறியது. அதோடு சேர்ந்து குரலும் ஏறியது. ஒருவர் தஞ்சாவூருக்குப் பேசினார், பாதி அழிந்துபோனது. இன்னொருவர் காரைக்குடிக்குப் பேசினார், முக்கால்வாசி புரிந்தது. குரல் அலைபோல் பொங்கும், வடியும், மறுபடி பொங்கும். எங்களைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது.

அறிவிப்பாளர் சிதம்பரம் என்றார். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

அண்ணன் எழுதிவைத்துப் படித்தார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி, என் அன்புள்ள தங்கைக்கும், கீரப்பாளையம் அத்தைக்கும், மற்றுமுள்ள உற்றார் உறவினருக்கும் வணக்கம் என்று. மனைவியின் பெயரே வரவில்லை. காகிதம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. பிறகு எங்கள் ஊர்ப் பேச்சில், "கண்ணு, அப்பா பேசுறேம்மா. நல்லா சாப்புடுறியா? பொங்கலுக்கு வந்துடறேன். அது வரைக்கும் அம்மாவ பத்தரமாப் பாத்துக்க" என்றார்.

"சரி, வாங்க" என்று அண்ணி ரேடியோவுக்குப் பதில் சொன்னார். மீனவப் பெண்கள் சிரித்தார்கள். என் மாணவியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழந்தை எழுந்து வந்து ரேடியோவின்மேல் காதை வைத்துக்கொண்டு, அடுத்தவர் பேச ஆரம்பித்த பிறகும் எடுக்க மறுத்துவிட்டது. திரும்பும் ரயிலில் அண்ணி, "வேற எவளாச்சும் பொழுது போவணும்னு இப்புடித் தவங் கெடந்திருப்பாளா?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தை மாதம் நாகப்பட்டினத்துக்குப் போனோம். கப்பல் தூரத்தில் நிற்க, படகில் வந்து இறங்கிய அண்ணன் மெலிந்து, மீசை இல்லாமல், போட்டோவுக்குச் சம்பந்தமில்லாதவராக இருந்தார். குழந்தை அலறிக்கொண்டு அண்ணியின் புடவைக்குள் ஒளிந்தது. அவர் பெட்டியைக் கீழே வைத்து, மணலில் குந்தி, "ஏம்மா அழுவுற? அப்பாதாம்மா" என்றார். அழுகை நின்றது. குழந்தை புடவையை விலக்கி, அவர் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மெல்ல நடந்து போய் அவர் சட்டைமேல் காதை வைத்தது.

தலைக்கு மேலே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அண்ணி கண்ணீரோடு குனிந்து குழந்தையிடம் கேட்டார்: "பட்டப்பகல்லயும் கேக்குதாடி?"