நடைபெற்று வரும் பணியைப் பார்க்க நாற்காலி போட்டவர்

“நிதானமானவர். விருப்பு வெறுப்பு இல்லாதவர். கடந்துபோனதை மனதில் வைத்துக்கொள்ளாதவர்.”

தணிக்கை அலுவலகத்தில் தேதியக்காவின் ஆண்டு மதிப்பீட்டுக் குறிப்பில் இருபத்து மூன்று ஆண்டுகளாக இதே மூன்று வரிகள்தான். வருகிற அதிகாரி ஒவ்வொருவரும் முந்தியவர் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார். அவர்களில் யாரும் அவரைப் பகைத்துக்கொண்டு பார்த்ததில்லை.

எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் “தேதி எங்க?” என்று கேட்பதால் அந்தப் பெயர். சுற்றுச்சூழலைக் காப்பதாக அரசு கொடுத்த வாக்குறுதிகளில் எவை நிறைவேறின என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. வாக்குறுதிகளுக்குக் குறைவே இல்லாததால், நிரந்தரமான வேலை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஆற்றங்கரையில் கட்டுவதாகச் சொன்ன கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துவிட்டு வந்து, “பணி தொடங்கப்படவில்லை” என்று எழுதினார். அப்போதைய தணிக்கை இயக்குநர் அதை அடித்துவிட்டு, “பணி நடைபெற்று வருகிறது” என்று திருத்தினார்.

“எப்படியும் நடக்கப்போறதுதானேம்மா. கொஞ்சம் முன்னாடியே சொல்றோம், அவ்வளவுதான்.”

அறிக்கை அச்சானது. கீழே தேதியக்காவின் கையெழுத்து. ஆறு மாதம் கழித்து, ஆற்றங்கரையில் குடியிருந்த பெண் ஒருத்தி, வயிற்றுப்போக்கில் கிடந்த கணவனை மருத்துவமனையில் விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தோடு நேரே அவர் மேஜைக்கு வந்தாள்.

“இது உங்க கையெழுத்துதானே மேடம்? எங்க நடக்குதுன்னு கொஞ்சம் வந்து காட்டுங்களேன். நாங்க அங்கேயேதான் இருக்கோம், கண்ணுல படல.”

தேதியக்கா அந்தப் பக்கத்தை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தார். இயக்குநர்மேல் வஞ்சமும் வைத்தார். தொட்டியில் பிறர் செடி வளர்ப்பதைப்போல், வாடவிடாமல் வளர்த்தார். அலுவலகத்தில் அவருக்கு அமைதியானவர் என்ற பெயர் மேலும் வலுத்தது.

இயக்குநரோ மேலே மேலே போய்ச் சுற்றுச்சூழல் துறைச் செயலர் ஆனார். செய்தித்தாளில் அதைப் படித்த காலையில், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கேட்டார்: “என்ன, முகத்துல இவ்வளவு களை?”

“வசமா வந்து மாட்டியிருக்கான்.”

“பெரிய அதிகாரியை அவன் இவன்னு சொல்றே.”

“வீட்டுலதானே சொல்றேன். ஆபீஸ்ல சார்தான்.”

தணிக்கையில் ஒரு நடைமுறை உண்டு: துறை கொடுக்கும் பதிலை ஓர் எழுத்தும் மாற்றாமல் அறிக்கையில் அச்சிட வேண்டும். தேதியக்கா அதே நிலையத்தைப் பற்றிக் கேட்டுக் கடிதம் அனுப்பினார். செயலரின் கையெழுத்தோடு பதில் வந்தது: “பணி நடைபெற்று வருகிறது.” மனிதர் பழக்கத்தை விடவில்லை.

தேதியக்கா அதை முழுமனதோடு நம்பினார். நடைபெற்று வருகிற பணியைப் போய்ப் பார்க்க வேண்டாமா? முறைப்படி அனுமதி வாங்கி, மடக்கு நாற்காலியும் குடையுமாக அந்தப் பொட்டலில் மூன்று நாள் உட்கார்ந்தார். கள ஆய்வுக் குறிப்பு இப்படிப் போகிறது:

“காலை 10.00: பணி வரவில்லை. 11.00: வரவில்லை. 12.20: நாய் ஒன்று வந்தது. பணியோடு தொடர்புடையதாகத் தெரியவில்லை. 1.00: நாய் சென்றுவிட்டது. பணி வரவில்லை.”

பதினொரு பக்கம். வரைவு அறிக்கையின் பின்னிணைப்பாக அது செயலருக்குப் போனது. அடுத்த மாதம் வெளிநாட்டு மாநாடு ஒன்றில் நாட்டின் முன்னேற்றத்தைப் பற்றி அவர் பேச வேண்டும். அதற்கு முன்பே இந்த அறிக்கை அவையில் வைக்கப்படும். தேதியக்காவைக் கூப்பிட்டனுப்பாமல் அவரே வந்துவிட்டார்.

“என்னம்மா இது, நாயெல்லாம் வருது?”

“வந்தது சார். எழுதினேன்.”

“படிக்கிறவன் சிரிப்பான். எடுத்துடுங்க.”

“எடுத்துடலாம் சார். உங்க பதிலும் நாங்க பார்த்ததும் ஒத்துப்போச்சுன்னா இந்தக் குறிப்புக்கே அவசியமில்லை.” பதில் கடிதத்தையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார். “தொடங்கப்படவில்லைன்னு நீங்களே திருத்திடுங்க.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் அன்று அதைத் தான் அடித்தது செயலருக்கு ஞாபகம் வந்தது.

“ஒன்பது வருஷமாவா? இது தனிப்பட்ட பகைம்மா.”

“தனிப்பட்டதுதான் சார். அதுக்காக அங்க கட்டடம் முளைச்சிடுமா?”

ஒற்றை வரியை யாரும் கவனிக்கமாட்டார்கள், நாயைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள் என்று செயலர் நினைத்தார். அடித்து, திருத்தி, சுருக்கொப்பமும் போட்டார். தேதியக்கா சொன்னபடியே பதினொரு பக்கத்தையும் நீக்கினார். ஒற்றை வரியைத்தான் செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் போட்டன. மாநாட்டுக்கு வேறொருவர் போனார்.

தேதியக்காவை நேர்மையின் வடிவம் என்று சிலர் இப்போது புகழ்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தன் அறிக்கையில் பொய்யை எழுதியவரைப் பழிவாங்கினார். அவர் கையாலேயே உண்மையை எழுதவைத்தார்.