பாதி இடித்த அடுப்பு மேடை

எங்கள் வீட்டு அடுப்பு மேடைக்கு இரண்டு உயரம். வாசல் பக்கப் பாதி புதிது, பளபளக்கும் கறுப்புக் கல். ஜன்னல் பக்கப் பாதி பழையது, மூன்று அங்குலம் பள்ளம். வீட்டுக்கு வருகிறவர்கள் மேடையைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் அசடு வழியச் சிரிப்பேன். அது எனக்கு நன்றாக வரும்.

மகனும் மகளும் இங்கே இருந்தவரை அடுப்படியிலும் குளியலறையிலும் கைவைக்க முடியவில்லை. இடித்துப் போட்டால் பிள்ளைகள் எங்கே குளிப்பார்கள், எதைச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவார்கள் என்றே இருபது வருஷம் ஓடிவிட்டது. மகன் வேலைக்கென்று ஓசூர் போனான். மகளைக் கட்டிக்கொடுத்து பெங்களூருக்கு அனுப்பினோம். திருச்சுழி ரோட்டிலிருக்கும் இந்த வீட்டில் நானும் மனைவியும் மிஞ்சினோம். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுக் குளியலறைக் குழாயெல்லாம் திருநீறு பூசிய மாதிரி வெளுத்துக் கிடந்தது. அடுப்பு மேடையோ மனைவியின் இடுப்பை வாங்கிவிட்டது. அத்தனை தாழ்வாக அது அமைந்ததற்கும் நானே காரணம். கல்யாணத்துக்கு முந்தி கட்டிய வீடு. "வரப்போற பொண்ணு எம்புட்டு உசரம்?" என்று அந்தக் காலக் கொத்தனார் கேட்டார். நான் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்து, "இம்புட்டுத்தான்" என்றேன். நான் சொன்னது விளையாட்டுக்கு. அவர் கட்டியது சிமெண்டில்.

இந்த முறை வேலைக்குப் பாலவனத்தத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். முதல் நாள் குளியலறையை முழுதாக உடைத்தார். இரண்டாம் நாள் காலை அடுப்பு மேடையை வாசல் பக்கமிருந்து ஆரம்பித்தார். பாதி போயிருக்கும், மகளிடமிருந்து போன் வந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று மனைவி போனோடு முற்றத்துக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"என்ன மதினி, உள்ள கரண்டு வயரு ஓடுதா?" என்றார் கொத்தனார்.

"சுத்தியலக் கீழ வைங்க."

வைத்தார்.

"மெல்ல வைங்க!"

மகள் முழுகாமல் இருக்கிறாள். இரண்டரை மாதம்.

போன வருஷமும் இப்படி ஒரு போன் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் நான் டீக்கடை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டேன். மூன்றாம் மாதத்தில் அது தங்காமல் போனது. அதனால்தான் மகள் இத்தனை நாள் எங்களிடம்கூட வாய் திறக்கவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருத்தி பிள்ளை உண்டாகியிருந்தால் அந்த வீட்டில் சுவரை இடிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கரண்டு ஆபீஸில் முப்பது வருஷம் வீடு வீடாய் மீட்டர் பார்த்தவன் நான். தோளில் தொங்கிய பையில் விஞ்ஞானமே இருப்பதாக நினைப்பு. ஆனால் போன வருஷம் அந்த மூன்றாம் மாதத்தில்தான், வருஷத்துக்கு நாலு நாள் பெய்யும் மழைக்கு வடிகால் வேண்டும் என்று அடம்பிடித்து, பின்சுவரை உடைத்துக் குழாய் பதித்தேன். மனைவி அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானும் பேச்செடுத்ததில்லை. இருவரும் அந்தச் சுவர்ப் பக்கம் போவதை மட்டும் குறைத்துக்கொண்டோம்.

கொத்தனார் விவரமானவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"மதினி, கட்டிக்குடுத்த பிள்ள வேற வீடு. அவுக வீட்டுலதான் இடிக்கக் கூடாது. இங்க இடிச்சா என்ன?"

"பேறுகாலத்துக்கு எங்க வருவா?"

"இங்கதான் வரும்."

"பெறகு?"

கொத்தனார் என்னைப் பார்த்தார். மனைவியும் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. அவ நம்ம வீட்டுப் பிள்ள இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே இடிக்கச் சொல்றேன்."

கல்யாணத்தன்று சம்பந்தி கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே அவ உங்க வீட்டுப் பிள்ள" என்று கண்ணைத் துடைத்தவன் நான். அதையே திருப்பிச் சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். சிமெண்டுத் தூசி உள்ளே போய் அடைத்துக்கொண்டது. இருமினேன். இருமி முடித்துப் பார்த்தபோது கொத்தனார் சுத்தியலைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இடிச்ச எடத்தையாவது கட்டலாமா மதினி?"

"கட்டலாம். தட்டக் கூடாது."

தட்டாமல் எப்படி டைல்ஸ் ஒட்டுவது என்று அவர் என்னைக் கேட்கவில்லை, நல்லவர். தூங்குகிற பிள்ளையைத் தொடுவது போல ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி உட்கார வைத்தார். மனைவியை நிற்கச் சொல்லி, முழங்கைக்கு நூல் பிடித்துப் புதுப் பாதி மேடையைக் கட்டினார். என்னை அளவு கேட்கவில்லை. பழைய பாதியில் கைவைக்காமல் விட்டதால் அடுப்பு ஜன்னலோரம் அங்கேயே இருந்தது. மனைவி நிமிர்ந்து காய் நறுக்கினாள், குனிந்து சமைத்தாள்.

குளியலறையில் சுவரைத் துளைக்க முடியாதே. சோப்புப் பெட்டி, துண்டு மாட்டும் கொக்கி எல்லாம் பசையில் ஒட்டியவை. அருப்புக்கோட்டைக் கடைக்காரர் யானையே தொங்கலாம் என்றார். எங்கள் துண்டுக்கே அது தாங்கவில்லை. நாலு நாளைக்கு ஒருதடவை ஏதாவது ஒன்று பொத்தென்று விழும். விழுந்ததும் இருவரும் முதலில் போனைத்தான் பார்ப்போம்.

அந்த மூன்றாம் மாதம் முடிகிற வரைக்கும் நான் வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தேன். கதவைச் சாத்தும்போது இடையில் விரலைக் கொடுத்துச் சாத்தினேன். ஒரு காலையில் என் விஞ்ஞானத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"தேங்கா உடைக்கிறது இடிக்கிறதுல சேருமா?"

"கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் கழித்துத் தேங்காயைக் கையில் கொடுத்தாள். "எதுக்கும் பக்கத்து வீட்டுல உடைச்சுட்டு வாங்க."

பக்கத்து வீட்டுக்காரன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் வீட்டுப் படியில் நான் தேங்காய் உடைப்பதை ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தான்.

"ஏலே, உங்க வீட்டுல கல்லுக்குப் பஞ்சமா?"

இடித்த கல் அத்தனையும் எங்கள் வாசலில்தான் குவிந்து கிடந்தது. போன வருஷம் ஊரெல்லாம் சொன்ன வாய்க்கு இந்த முறை பூட்டுப் போட்டிருந்ததால், "உங்க வீட்டுக் கல்லுல உடைச்சாத்தான்டா நேரா உடையுது" என்றேன். அவன் என்னைக் கவலையோடு பார்த்தான். அடுத்த நாள் அவன் மனைவி என் மனைவியிடம், அண்ணன் நல்லா இருக்காகளா என்று விசாரித்தாளாம்.

ஸ்கேன் எடுத்த அன்று மனைவி உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள். நான் புதுக் கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் போன் வந்தது. "நல்லா இருக்காம்ப்பா. துடிப்புக் கேட்டேன்" என்றாள் மகள். மனைவி வாசலுக்குப் போய் அந்தக் கல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இருமல் வந்தது. அன்று தூசி எதுவும் இல்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து மகளை அழைத்து வந்தோம். நேரே அடுப்படிக்குத்தான் போனாள்.

"என்னப்பா இது, மேடையில படிக்கட்டு?"

"உங்கப்பா அளவெடுத்த லட்சணம்" என்றாள் மனைவி, சற்றும் யோசிக்காமல்.

"ஆமா தாயி, டேப்ப அந்தத் தலைக்கு இந்தத் தலை மாத்திப் பிடிச்சுட்டேன்."

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மெல்லச் சிரி, மெல்லச் சிரி" என்று இருவரும் பதறினோம்.

"அந்தப் பாதியையும் இடிச்சு நேராக்கிருங்கப்பா. அம்மா இன்னும் குனிஞ்சுக்கிட்டுத்தான இருக்காக."

"வேண்டாம்" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். உள்ளே பொத்தென்று ஒரு சத்தம். இருவரும் கதவை நோக்கி ஓடினோம்.

"ஒண்ணுமில்லம்மா, கொக்கி விழுந்துருச்சு. ஏம்ப்பா, ஒரு ஆணி அடிச்சா என்ன?"

மனைவி என்னை அடுப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். தண்ணீர்ச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

குளித்துவிட்டு வெளியே வந்தவள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "எங்க வீட்டுலயும் கடிகாரம் நாற்காலியிலதான் இருக்கு. ஆணி அடிக்க அவுகள நான் விடல." எங்கள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை.

இப்போது ஒன்பதாம் மாதம் நடக்கிறது. இன்று காலை கொத்தனார் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"அண்ணே, மிச்சத்த எப்ப இடிக்க வரட்டும்?"

"பிள்ள பெறக்கட்டும்யா."

"பெறந்தபெறகு எப்படி? பச்சப்பிள்ளைக்குத் தூசி ஆகாதுல்ல?"

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. அவர் போன பிறகும் அங்கேயே நின்றேன். உள்ளேயிருந்து மனைவி தேங்காயோடு வந்தாள்.

"நிக்காதீக, சட்னிக்கு நேரமாச்சு."

வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தேன்.