செதுக்கிய வரப்பு

என் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று யாராவது கேட்டால், நான் வாய் திறப்பதற்குள் என் மாமியார் பதில் சொல்லிவிடுவார். "செடிக்கெல்லாம் ஆதார் கார்டு எடுக்கறாளுங்க. மூஞ்சியப் போட்டோ புடிச்சு வெச்சுட்டா, அப்பறம் எங்க பாத்தாலும் போனு பேரச் சொல்லீரும்." இதைவிடத் தெளிவாக நான் எந்தக் கருத்தரங்கிலும் பேசியதில்லை.

நாமக்கல் பக்கம் எங்கள் மரவள்ளிக் காட்டின் வரப்புகளில் எந்தப் பருவத்தில் எந்தச் செடி தானாக முளைக்கிறது, எது காணாமல் போகிறது என்று பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட வேலை. ஒவ்வொன்றாக உட்கார்ந்து அடையாளம் காண ஒரு ஆயுள் போதாது என்பதால், படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தேன். அதை மாடல் என்போம். அதற்குக் காட்டிய படங்களில் பெரும்பாலானவை, இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் எடுத்தவை. அவளுடைய விரல் விழுந்த படங்களைப் பொறுக்கி எடுக்கவே பல நாள் ஆனது. சில படங்களை விட்டுவிட்டேனோ என்று இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

வரப்பில் பத்து இடங்களில் குச்சி நட்டு, கயிறு கட்டிச் சதுரம் குறித்திருந்தேன். என் கைடு மேடம் சேலத்திலிருந்து வந்து, அந்தப் பத்துச் சதுரங்களிலும் மாடல் சரியான பெயரைச் சொல்கிறதா என்று நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஆராய்ச்சிக் குழுவின் முன் போய் நிற்க முடியாது. போன தடவை பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நானே தள்ளிப்போட்டிருந்தேன். இந்தத் தடவையும் தள்ளிப்போட எனக்கு முகமில்லை.

சனிக்கிழமை மேடம் வருவதாக முடிவானது. வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குத் தடுப்பூசி போட டவுனுக்குப் போனேன். ஊசி போட்ட கை வீங்குமா, காய்ச்சல் வருமா என்று டாக்டரிடம் இரண்டு முறையும் நர்சிடம் ஒரு முறையும் கேட்டுவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பினால் வரப்பு மொட்டையாக இருந்தது.

தும்பை இல்லை, குப்பைமேனி இல்லை, நாயுருவி இல்லை. அருகம்புல்லைக்கூட மண்வெட்டியால் வழித்திருந்தார்கள். குச்சிகளும் கயிறும் மட்டும் பத்திரமாக இருந்தன. சாய்ந்திருந்த இரண்டு குச்சிகளை யாரோ நிமிர்த்தியும் வைத்திருந்தார்கள்.

"அத்தை, செடியெல்லாம் எங்கீங்க?"

"ஆட்டுக்குப் போட்டாச்சு சாமி. ரெண்டு ஆளு வெச்சுச் செதுக்குனேன். அந்தம்மா சேலத்துல இருந்து வாராங்க, களை மண்டிக் கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"அந்தக் களையைப் பாக்கத்தானுங்க அத்தை வர்றாங்க."

"வரப்பு நல்லா இருக்கோணும்னு நீதான சொன்ன? ஒரு வாட்டி இல்ல, மூணு வாட்டி."

சொல்லியிருந்தேன். ஆடு மேய்ந்துவிடக் கூடாது என்ற அர்த்தத்தில். அந்த அர்த்தத்தை ஒரு முறையாவது வாய்விட்டுச் சொன்னேனா என்று யோசித்தேன். சொல்லவில்லை. விருந்தாளி வருகிற நேரத்தில் வரப்பு நல்லா இருக்க வேண்டும் என்றால், விவசாயக் குடும்பத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் ரிக் வண்டியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போயிருந்தார்.

"ஏனுங்க, வரப்புல ஒரு செடி இல்லீங்க."

"நம்ம வண்டி வேணா அனுப்பட்டுமா? தோண்டி வேரையாச்சும் காட்டலாம்."

போனை வைத்துவிட்டேன். வர வேண்டாம் என்று மேடத்துக்கு மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். கடைசியில், 'வரப்பில் சிறிய மாற்றம் ஏற்பட்டுள்ளது' என்று மட்டும் அனுப்பினேன்.

மறுநாள் காலை மேடம் வந்தார். காபி குடித்துவிட்டு வரப்புக்கு நடந்தார். முதல் சதுரத்தருகே நின்று, கயிற்றுக்குள் குனிந்து பார்த்தார்.

"இதுதான் அந்தச் சிறிய மாற்றமா?"

"சாரி மேடம்."

"வந்தது வந்தாச்சு. போனை எடு."

வெறும் மண்ணைப் படம் எடுத்தேன். கீழாநெல்லி என்றது மாடல், கொஞ்சமும் தயங்காமல். அடுத்த சதுரத்தில் துத்தி. அங்கேயும் மண்தான். மேடம் தன் செருப்பைக் கழற்றி வைத்து அதைப் படம் எடுக்கச் சொன்னார். நாயுருவி. பின்னாலேயே வந்திருந்த அத்தையின் ஆட்டைக் காட்டினார். தும்பை.

மேடம் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார். "ஏம்மா, நீ காபியில சர்க்கரை போட்டியான்னு கேட்டாக்கூட உறுதியா சொல்ல மாட்ட. உன்கிட்ட படிச்ச இதுக்கு, தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்ல வரலையே."

உண்மைதான். செடி இருக்கிற படங்களை மட்டுமே நான் அதற்குக் காட்டியிருந்தேன். செடியே இல்லாத இடமும் உலகத்தில் உண்டு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. வரப்பு புதராகவே இருந்திருந்தால் பத்துச் சதுரமும் தேறியிருக்கும். இந்தக் குறையோடு நானும் குழுவின் முன் போய் நின்றிருப்பேன்.

மேடம் கையெழுத்துப் போடவில்லை. "மொட்டை வரப்பைப் படம் எடு. வாரம் ரெண்டு தரம், முளைச்சு வர்றதையும் எடு. தெரியாததைத் தெரியலைன்னு சொல்லப் பழக்கிட்டு என்னைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"கையெழுத்துப் போட்டாங்களா சாமி?" என்று அத்தை கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கு முழுக்க அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. பாப்பாவை மட்டும் என்னிடம் கொடுக்காமல் அவரே வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பு வழியாக நடந்து வந்தபோது அத்தையின் குரல் வீடு வரை கேட்டது.

"ஏனுங்க, அக்கட்டால சுத்திப் போங்க. அங்க பரிச்ச நடக்குது."

இரண்டு மழை பெய்தது. வரப்பெல்லாம் இரண்டு இலையோடு என்னென்னவோ முளைத்தன. நான் வெறும் மண்ணையும், கல்லையும், செருப்பையும், ஆட்டையும் காட்டி மாடலைத் திரும்பப் பழக்கினேன். ஒரு காலையில் நான்காவது சதுரத்தில் இருந்த நாற்றைப் படம் எடுத்தபோது, போனில் 'தெரியவில்லை' என்று வந்தது. எனக்கும் தெரியவில்லை. பக்கத்து மண்ணை எடுத்தேன். 'செடி இல்லை' என்றது. தற்செயலாக இருக்குமோ என்று இன்னும் ஐந்தாறு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேடத்துக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "சந்தோஷம். கையெழுத்துப் போட வர்றேன். எந்த நாள்னு உன் வீட்டுல மட்டும் சொல்லிடாதே."