இறந்தவர்கள் வாங்கிய அரிசி

செஞ்சியில் எங்கள் தாலுகா அலுவலகத்துக்கு ஒரே தட்டச்சர் ரோஸ்மேரி. தொண்டூர் பஸ்ஸில் வருவாள். அவள் நைனாவுக்குக் கண் தெரியாது. வீட்டில் சம்பாதிப்பது அவள் மட்டும். எதிர் மேசை என்னுடையது. தட்டச்சின் ஓசை நின்றால்தான் நிமிர்ந்து பார்ப்பேன்.

1966 அக்டோபரில் ஒருநாள் நின்றது. அவள் அடித்துக்கொண்டிருந்தது பஞ்ச நிவாரண அரிசி வாங்கியவர்களின் பட்டியல். தலைப்பில் ‘ரகசியம்’. அவள் ஊர்க்காரர்கள் பதினொரு பேர் அதில் இருந்தார்கள். பதினொரு பேரும் இறந்துபோனவர்கள். அவர்கள் பெயரில் அரிசியை எடுத்து விற்றவர் கிடங்கு எழுத்தர் கோவிந்தசாமி. மேலதிகாரியிடம் சொன்னாள். “உன் வேல அடிக்கறது” என்றார்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். இறந்தவர் பெயரைச் சீட்டில் கொடுத்தால் மாதா கோயில் உபதேசியார் அருளானந்தம் வாசிப்பார். சீட்டில் என்ன இருந்தாலும் அதே செப ராகம்தான். ரோஸ்மேரியின் ஊர்தான் என் தாயின் ஊரும்; அவள் கல்லறையருகே நின்று கேட்டேன். அன்று அவர் கையில் இருந்தவை தட்டச்சு அடித்த சீட்டுகள். “சவரிமுத்து, செப்டம்பரில் நிவாரண அரிசி இரண்டு மூட்டை பெற்றுக்கொண்டார்…” மூன்றாவது பெயரில்தான் அவருக்கே குரல் தடுக்கியது.

சவரிமுத்துவின் மனைவி காத்தாயி கேட்டாள்: “அவரு போயி மூணு வருசமாவுது. இன்னாத்துக்கு அவருக்கு அரிசி?”

“மேல ரேஷன் இல்லபோல இருக்குது” என்றது ஒரு குரல்.

அந்த வாரமே ஊருக்கு இருபத்திரண்டு மூட்டை வந்து இறங்கியது. பிறகு விசாரணை. கோவிந்தசாமிக்கு மூன்று மாத சஸ்பென்ஷன். அடுத்து ரோஸ்மேரி. குறிப்பெடுக்க என்னை உட்காரவைத்தார்கள்.

“அவன் எடுத்தது அரிசி. நீ வெளிய உட்டது சர்க்கார் ரகசியம். வேலையே போவும், தெரியுமா?” என்றார் விசாரணை அதிகாரி.

“தண்டன வேணாம்னு சொல்லல சார். அவருக்கு மூணு மாசம்னா எனக்கும் மூணு மாசம் குடுங்க. ஒருநாள் கூடினாலும் நாயமில்ல.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “தெரியாம நடந்துடுச்சுன்னு எழுதிக் குடும்மா. ஒரு மாசத்தோட முடிச்சிடறேன்.”

“தெரிஞ்சுதான் சார் செஞ்சேன். ஒவ்வொரு பேரையும் ரெண்டு தடவ சரிபாத்தேன்.”

என் பேனாவுக்குக் கீழே அந்த வரி மட்டும் திருத்தமான கையெழுத்தில் விழுந்தது.

வேறு தட்டச்சர் இல்லாததால் பணிநீக்க ஆணையையும் அவளிடமே கொடுத்தார்கள். மூன்று படி அடித்தாள்; ஒரு பிழையில்லை. அதிகாரியின் பேனா காகிதத்தைத் தொடாமல் மேலேயே நின்றது.

“போடுங்க சார்,” என்றாள், “பஸ்ஸுக்கு நேரமாவுது.”