கடல் எந்தப் பக்கம்?

“கண்ணக் கட்டி இந்த ஊர்ல எந்த மூலையில வேணா எறக்கி விடுங்க. கடல் எந்தப் பக்கம்னு என் மூக்கு சொல்லும். பொறந்ததுலேர்ந்து ஒருத்தர்கிட்டயும் நான் வழி கேட்டதில்ல.”

பேருந்து கப்பல்துறையை விட்டு நகர்ந்ததும் குவான் சௌலின் மைக்கைத் தட்டிச் சொல்லும் முதல் வாசகம் இது. வணக்கமெல்லாம் இரண்டாவதாகத்தான் வரும்.

ஹாங்காங்கில் மற்ற வழிகாட்டிகள் கொடி பிடிப்பார்கள். குவான் அக்கா பிடிப்பது கோழியிறகுத் துடைப்பம். அலமாரியின் தூசையும் பிள்ளைகளின் கெண்டைக்காலையும் தட்டுவதற்கென்று எங்கள் வீடுகளில் இருக்குமே, அதேதான். “கொடியப் பார்த்து எவன் வர்றான்? இதத் தூக்கினா அறுபது வயசு ஆளும் அம்மா கூப்பிட்ட மாதிரி ஓடி வருவான்” என்பார். வருகிறார்கள். அவர்களைப் படமெடுத்து விற்றுப் பிழைப்பவன் என்கிற முறையில் நானே சாட்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் ஈப்போ ஊர்க்காரர்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இருபது பேர். தலைவர் சூய், முன்னாள் ஸ்டேஷன் மாஸ்டர். ஊரைப் பார்த்ததைவிடக் கைக்கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தார். காரணம் இருந்தது. கப்பல் ஐந்து மணிக்குப் படியைத் தூக்கிவிடும். பிந்தியவர்கள் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் பறந்து போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே ஒரு ஆள் தவறினாலும் மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று ஏஜென்சிக்காரர் அக்காவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

காலையில் கோயில். சாமிக்கு ஊதுவத்தி பாதி எரியும்வரைதான் அவகாசம். பிறகு மலை உச்சி. மேலே ஒரே பனிமூட்டம். அக்கா துடைப்பத்தால் வெள்ளை வெளியைத் தொட்டுத் தொட்டு, “அது வங்கி, இது துறைமுகம், நம்பிக்கையோட பாருங்க” என்றார். கீழே இறங்கும் டிராமுக்கான வரிசையில் ஒரு மணி நேரம் போயிற்று. டீக்கடையில் இறால் கொழுக்கட்டைக் கூடையைத் திறந்த நிமிடமே, “வாயில ஒண்ணு, கையில ஒண்ணு, நடங்க!” என்று கிளப்பிவிட்டார்.

“ஏம்மா, இது சுற்றுலாவா, தீயணைப்பு ஒத்திகையா?” என்றார் சூய்.

நாலேகாலுக்கு, கப்பலுக்குத் திரும்பும் வழியில், கடலடிச் சுரங்கத்தின் வாயிலில் பேருந்து நின்றது. நின்றது நின்றதுதான். முன்னால் வண்டிகள் இஞ்சின்களை அணைத்துவிட்டு நின்றன.

“எல்லாரும் எறங்குங்க! வான்சாய் படகுத்துறை இங்கதான். படகுல ஏறினா அக்கரையில கப்பல்.”

டிரைவர் பியூ திரும்பினான். “அக்கா, அந்தத் துறைய இப்ப…”

“நீ ஸ்டியரிங்கப் பாரு.”

மூக்கு முன்னே போயிற்று. நாங்கள் பின்னே போனோம். வழியில் ஒரு நடைமேம்பாலம். வீட்டுவேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு அட்டைப்பெட்டிகளை விரித்து, சோறும் சீட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். “பாதைய அடைச்சிக்கிட்டு! எந்திரிச்சு வழி விடுங்கம்மா!” என்று அக்கா துடைப்பத்தை வீசினார். எல்லோரும் கால்களை மடக்கிக்கொண்டார்கள்.

பாலத்தின் முனையில் அக்கா சட்டென்று நின்றார். படகுத்துறை இருக்க வேண்டிய இடத்தில் ஆறு வழிச் சாலை ஓடிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் தகர வேலி, அதற்கும் அப்பால் ஒரு கிரேன். எங்கள் ஊரில் கடலைத் தூர்த்து நிலமாக்குவது வழக்கம். அக்கா மலையும் கோயிலுமாக அலைந்த வருடங்களில் கடல் தள்ளிப் போய்விட்டிருந்தது. அவரிடம் சொல்லிக்கொள்ளவுமில்லை.

“மணி நாலரை” என்றார் சூய். இம்முறை கிண்டல் இல்லை. அவர் மனைவி அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவின் கழுத்தில் வியர்வை வழிந்தது. என் பக்கம் திரும்பி, “இங்க ஒரு குரூப் போட்டோ எடு. எல்லாரும் உன்னையே பார்க்கணும்” என்றார் பல்லைக் கடித்தபடி.

“எதப் பின்னால வெச்சு எடுக்க? தகர வேலியையா?”

“எடுடா!”

இருபது பேரும் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்கள். அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் அக்கா துடைப்பத்தை அக்குளில் மறைத்துக்கொண்டு, சற்றுமுன் விரட்டிய அந்தப் பெண்களின் அட்டைகளருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சீட்டைக் கையில் வைத்திருந்த பெண்ணிடம் ஏதோ முணுமுணுத்தார். அவள் உதட்டைக் குவித்து ஒரு திசை காட்டினாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். “சொன்னா புரியாது. மூணு பாலம், ஒரு படிக்கட்டு. வாங்க.”

அக்கா துடைப்பத்தை அவளிடம் நீட்டினார். ஈப்போக்காரர்கள் ஆளைப் பார்க்கவில்லை, இறகைப் பார்த்து ஓடினார்கள். அக்கா கடைசி ஆளாக ஓடினார்.

படகுக்கான மணி அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் துடைப்பத்தைக் கம்பிக்கதவின் இடுக்கில் விட்டுச் சாத்தவிடாமல் பிடித்துக்கொள்ள, இருபது பேரும் உள்ளே பாய்ந்தார்கள். கப்பல் படியைத் தூக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சூய் முதல்முறையாகக் கடிகாரத்தைச் சட்டைக்கைக்குள் இழுத்து மறைத்தார்.

வெளியே நின்றிருந்த பெண் துடைப்பத்தைக் கம்பி வழியாக நீட்டினாள். அக்கா அதை வாங்கித் தலைகீழாகப் பைக்குள் செருகினார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார், யாரும் கவனிக்கவில்லை. கம்பியில் முகத்தைப் பதித்து, இறங்கிய குரலில் கேட்டார்:

“தங்கச்சி, அக்கரையில எறங்கினா கப்பல் எடது பக்கமா, வலது பக்கமா?”